எண் இல்லாத வண்டி

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவே போவதில்லை. மாண்டலே பக்கம் ஒரு ரயில் சந்திப்பு, அங்கிருந்து மலைப் பக்கமாக ஒற்றைப் பாதை ஒன்று பிரிந்து போகும், அவ்வளவு தெரிந்தால் போதும். என் பெயர் மட்டும் நிஜம். அஞ்சலை. பர்மாப் பெயர் ஒன்றும் உண்டு, அது பள்ளிக்கூடச் சான்றிதழில் தூங்குகிறது. மூன்று தலைமுறையாக நாங்கள் இங்கேதான். என் வீட்டுக்காரர் தண்டவாளம் பார்க்கும் வேலையில் இருந்து, அந்த வேலையிலேயே போய்ச் சேர்ந்தார். ரயில்வே இரக்கப்பட்டு லைன் வீட்டின் கடைசி அறையை எனக்கு விட்டு வைத்தது. பிளாட்பாரத்தில் பருப்பு வடை சுட்டு விற்றேன். ஆக, நானும் அரசாங்கத்து நிழலில் பிழைத்தவள்தான்.

அரசாங்கத்துச் சோறு தின்கிறவன் அரசாங்கத்தை எதிர்ப்பானா என்று 2021 ஜனவரியில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்திருப்பேன். அதிலும் ஊ பா தௌங் எதிர்ப்பாரா என்று கேட்டிருந்தால் வடை கருகும்வரை சிரித்திருப்பேன்.

பா தௌங் அண்ணன் எனக்கு அடுத்த வீடு. 'ஊ' என்பது பர்மாவில் பெரியவர்களுக்குப் போடுகிற மரியாதை, பெண்களுக்கு 'டோ'. ரயில்வே ஆஸ்பத்திரியில் பிறந்தவர், ரயில்வே பள்ளியில் படித்தவர். அவருடைய அப்பா இருந்த லைன் வீட்டிலேயே இவரும் குடியிருந்தார். காக்கிச் சட்டை தவிர வேறு சட்டை அவர் உடம்பில் நான் பார்த்ததில்லை, கல்யாண வீட்டுக்கும் அதுதான். மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். போனில் பேசுகிறவருக்கு இவர் உட்கார்ந்திருப்பது தெரியவா போகிறது என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குத் தெரியுமே" என்றார். அந்த மாதிரி மனுஷன்.

அவர் சம்சாரம் டோ சீன் மே இருதய நோயாளி. மாதா மாதம் ரயில்வே ஆஸ்பத்திரியில் மூன்று வித மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரை தப்பினால் ஒரு வாரத்தில் காலெல்லாம் வீங்கிப் படுத்துவிடுவாள். பிள்ளை குட்டி கிடையாது. ஜூன் மாதம் அவருக்கு அறுபது முடிகிறது, பென்ஷன் வரும். பென்ஷன்காரருக்கும் ஆஸ்பத்திரி உண்டு. அந்த ஜூனைத்தான் இரண்டு பேரும் நாள் எண்ணிக்கொண்டு இருந்தார்கள்.

அண்ணனுக்கு நிலையத்துக் கேபினில் வேலை. என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது பிடிபடாது. மலைப் பக்கம் போவது ஒற்றைப் பாதை. இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வந்துவிட்டால் தீர்ந்தது. அதற்காக எங்கள் நிலையத்தில் ஒரு சிவப்பு மெஷின், அடுத்த நிலையத்தில் அதே போல இன்னொன்று. இரண்டின் வயிற்றிலும் சாத்துக்குடி அளவில் இரும்புப் பந்துகள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பந்துதான் வெளியே வரும். அந்தப் பந்தைப் பிரம்பு வளையத்துப் பையில் போட்டு டிரைவர் கையில் கொடுத்தால்தான் அவர் பாதையில் நுழையலாம். அந்தப் பக்கம் போய் மெஷினில் பந்தைப் போட்ட பிறகுதான் அடுத்தது வெளியே வரும். வெளியே போன பந்து திரும்பாதவரை இரண்டு மெஷினும் வாயைத் திறக்காது.

இந்தப் பந்தைக் கொடுப்பதும் வாங்குவதும்தான் அண்ணனுக்கு முப்பத்தொரு வருஷ வேலை. கொடுப்பதற்கு முன்னால், "வண்டி எண் என்ன? எதுவரைக்கும்?" என்று கேட்பார். தினம் வருகிற வண்டி, தினம் வருகிற டிரைவர், இருந்தாலும் கேட்பார். டிரைவர் சொல்ல வேண்டும், இவர் புத்தகத்தில் எழுத வேண்டும், எழுதியதைச் சத்தமாகப் படிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பந்து. "ஏன் பா தௌங், நேத்து ராத்திரியில என் வண்டிக்குப் பேரு மாத்திட்டாங்களா?" என்று டிரைவர்கள் வம்புக்கு இழுப்பார்கள். மசியமாட்டார். ஒருமுறை யாரோ மந்திரியின் தனி வண்டி வந்தது. அதற்கும் எண் கேட்டு இரண்டு நிமிஷம் நிறுத்தினார். கை வெடவெடவென்று ஆடுகிறது, வேர்த்து ஊற்றுகிறது, ஆனாலும் கேட்டார். எல்லாரும் திட்டித் தீர்த்தார்கள்.

"ஏன்ணே இந்த வீம்பு?" என்றேன்.

"வீம்பு இல்ல அஞ்சலை. எழுதாம பந்தக் குடுத்துட்டா, நாளைக்கு வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க போச்சுன்னு யாரைக் கேக்கறது?"

பிப்ரவரி முதல் தேதி ராணுவம் நாட்டைப் பிடித்தது. தேர்தலில் ஜெயித்தவர்களை விடியும் முன்னே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு வாரத்தில் டாக்டர்கள் வேலையை நிறுத்தினார்கள், வாத்தியார்கள் நிறுத்தினார்கள். எங்கள் லைனில் முதலில் நிறுத்தியவள் நிலார். டிக்கெட் கொடுக்கிற பெண், இருபத்தாறு வயசு, வாய் நீளம். சட்டையில் எதிர்ப்புக்கு அடையாளமாகச் சிவப்பு நாடா குத்திக்கொண்டு வீடு வீடாக வந்தாள்.

"மாமா, நீங்க எப்ப வரீங்க?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"நான் வரலம்மா. பொறந்ததுலேர்ந்து அவங்க சோத்தைத்தான் தின்னேன்."

"அது அவங்க சோறா மாமா? நம்ம சோறு. பரிமாறறவன் கையில கரண்டி இருக்குன்னா சோறு அவனுதா?"

"உனக்கு வயசு இருக்கு. எனக்கு ஜூன்தான் இருக்கு."

"அப்ப சரி. ராணுவம் மெடல் குத்த வரும். சட்டையில கிழிசல் இருந்தா தெச்சு வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் நிஜமாகவே குனிந்து சட்டையைப் பார்த்தார், பாவம்.

எனக்கு நிலார்மேல் கொள்ளைக் கோபம். வண்டி நின்றால் என் வடையை யார் வாங்குவார்கள்? "வேலை குடுத்தவனையே மொறைக்கிறாளுங்க, கொழுப்பு" என்று நானும் திட்டிக்கொண்டிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, அப்போது நான் அப்படித்தான் இருந்தேன்.

எட்டாம் தேதி திங்கட்கிழமை. மதியம் இரண்டே முக்காலுக்கு மலையிலிருந்து வண்டி வந்தது. டிரைவர் வளையத்தை நீட்டினார். அண்ணன் வாங்கிப் பந்தைத் தோள்பையில் போட்டார். ஒரு கையில் கொடி, ஒரு கையில் வளையம், அதனால் பந்து எப்போதும் பையில்தான் போகும். அங்கிருந்து நாற்பது தப்படி நடந்தால் கேபின், உள்ளே போனதும் மெஷினில் போட்டுவிடுவார். அன்றைக்கு அந்த நாற்பது தப்படி நடக்கவில்லை. நிலாரும் இன்னும் பதினோரு பேரும் தண்டவாளத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். வண்டியை ஓட்டி வந்த டிரைவர் தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய் அவர்களோடு உட்கார்ந்தார். பிளாட்பாரமே சத்தம். ஸ்டேஷன் மாஸ்டருக்கு உதறல் எடுத்துவிட்டது. ஓடி வந்து அண்ணன் கண் முன்னாலேயே கேபினைப் பூட்டினார். "வீட்டுக்குப் போங்க. எல்லாரும் வீட்டுக்குப் போங்க. இது என் உத்தரவு" என்றார். சொல்லிவிட்டு அவர் போனது மாமனார் ஊருக்கு.

மேலதிகாரி வீட்டுக்குப் போ என்றால் அண்ணன் வேறு எங்கே போவார்? குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பையை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலையில் விற்காத வடையைக் கொடுக்கலாம் என்று போனேன். அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பந்து. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"அஞ்சலை, என் சர்வீஸ் போச்சு."

"என்னண்ணே இது?"

"மறந்து வந்துட்டேன். முப்பத்தொரு வருஷம். ஒரு தடவை மறந்ததில்ல." கண்ணில் தண்ணீர் நிற்கிறது. சீன் மே பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "போய்க் குடுத்துட்டு வாங்க. திருடியா வெச்சிருக்கீங்க?" என்றாள்.

உடனே எழுந்தார். சட்டையைப் பொத்தான் போட்டு, பையை மாட்டி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டியிருக்க மாட்டார், லைன் வீட்டுக் கூட்டம் மொத்தமும் எதிரே வந்தது. காலையில் யாரோ கேபின் பூட்டை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். மெஷின் வாயைத் திறக்கவில்லை. பந்து வெளியே இருக்கிறது. அது யார் கையில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நிலார் முன்னால் வந்தாள். முந்தாநாள் மெடல் என்று கேலி பேசியவள் மண்ணில் மண்டி போட்டு, கைகூப்பி, நெற்றி தரையில் பட மூன்று தரம் கும்பிட்டாள். புத்த பகவானுக்கும் பிக்குவுக்கும் பெற்றவர்களுக்கும் போடுகிற கும்பிடு அது.

"மன்னிச்சிடுங்க மாமா. நாங்க பன்னெண்டு பேரு உக்காந்து ஒரு வண்டியத்தான் நிறுத்தினோம். நீங்க ஒத்த ஆளா பாதையையே நிறுத்திட்டீங்க."

அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார். யாரோ மல்லிகைச் சரத்தைக் கழுத்தில் போட்டார்கள். பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு திரும்பி வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"சொல்லிட்டீங்களாண்ணே?"

"சொல்ல வாயெடுத்தேன். வரல."

"அந்தப் பிள்ளைங்க தலையில வெச்சு ஆடுவாங்க. மாட்டிக்கிறது நீங்கதான். பின்பக்கமா போய் வெச்சுட்டு வந்துடுங்க" என்று நான்தான் சொன்னேன். மதியம் போகிறேன் என்றார். மதியம், நாளைக்கு என்றார். வீரமாகத் தீர்மானம் செய்துதான் பந்தை வைத்திருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்கப் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம். நான்கு நாளில் பாதி ஆளாகிவிட்டார்.

ஐந்தாம் நாள் வீடு வீடாகச் சோதனை வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அப்போதுதான் அவர் அந்தத் தேங்காயைப் பார்த்தார்.

எங்கள் பக்கம் பர்மியர் வீட்டில் தென்கிழக்குத் தூணில் ஒரு தேங்காய் தொங்கும். தலையில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். அதுதான் வீட்டுத் தெய்வம். அவர் பழங்காலத்தில் பெரிய கொல்லர். அவர் பலத்தைப் பார்த்துப் பயந்த ராஜா, அவர் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, உறவு சொல்லிக் கூப்பிட்டு, மரத்தில் கட்டி எரித்துவிட்டான். அந்தச் சூடு தணியத்தான் தேங்காய்த் தண்ணீர். அந்தத் தேங்காய்ப் பக்கத்தில் விளக்குகூட ஏற்றமாட்டார்கள். அண்ணனுக்கு அரசாங்கத்துக்கு அடுத்தபடி பயம் இவரிடம்தான்.

தேங்காயை இறக்கினார். ரம்பத்தால் தலையைச் சீராக அறுத்தார். தண்ணீரைக் கொட்டினார். "தண்ணியக் கொட்டிட்டு இரும்பை வெக்கிறேன் சாமி. கொஞ்ச நாள் காந்தும். பொறுத்துக்கணும். உங்களுக்கு இரும்பு பழக்கம்தானே" என்று தூணைப் பார்த்துச் சொன்னார். பந்தை உள்ளே வைத்து, அறுத்த தலையைப் பொருத்தி, சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டி மாட்டினார். சீன் மே கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

இதற்குள் யார்டில் எட்டுப் பெட்டி வண்டி ஒன்று வந்து நின்றது. ஜன்னல் பலகை எல்லாம் மூடியிருந்தது. உள்ளே சிப்பாய்கள். ஒற்றைப் பாதை போய் முடிகிற மலையூரில் தினமும் ஆயிரக்கணக்கில் சனங்கள் தெருவுக்கு வருகிறார்கள், அங்கே போகத்தான் நிற்கிறது என்று லைனில் எல்லாருக்கும் தெரியும். மிச்சமிருந்த டிரைவர்களை அழைத்தார்கள். "பந்து இல்லாம ஒத்தப் பாதையில நுழையக் கூடாது, புத்தகத்துல இருக்கு" என்றார்கள். எங்கிருந்தோ ரிட்டயரான கிழ டிரைவர் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே புத்தகத்தின் அதே பக்கத்தைப் படித்துக் காட்டினார். ரோடு வழியாகப் போகலாம் என்றால் மலையில் இரண்டு இடத்தில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ரயில்வே அதிகாரிதான், சிப்பாய் இல்லை. ஊ சோ லின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கையிலிருந்து பந்து வாங்கி வேலை கற்றவர். கூட நான்கு சிப்பாய்கள் வாசலில் நின்றார்கள். நான் உள்ளே சீன் மேக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், அப்படியே மூலையில் ஒண்டிக்கொண்டேன்.

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். கத்தவில்லை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அப்படிச் சொன்னால் எனக்குத்தான் பாவம்.

"பெரியவரே, உங்களை எனக்குத் தெரியாதா? நீங்க இதைத் தெரிஞ்சு செஞ்சிருக்க மாட்டீங்க. கேபினைப் பூட்டிட்டாங்க, பந்து பையிலயே வந்துடுச்சு. அதானே?"

அண்ணன் தலை குனிந்தபடி இருந்தார்.

"மேல எல்லாரும் உங்களைத் தூக்கி உள்ள போடணும்னு நிக்கிறாங்க. நான்தான் பேசி வெச்சிருக்கேன். இந்தாங்க, கடுதாசி நானே அடிச்சுக் கொண்டுவந்துட்டேன். ஒரு கையெழுத்து. பந்தைக் குடுங்க. வீடு, பென்ஷன், அம்மாவோட மாத்திரை, எதுவும் போகாது. ஜூன்ல மாலை போட்டு அனுப்பி வெக்கிறேன்."

அண்ணன் பேனாவை எடுத்தார். பழக்கம் விடுமா, கடுதாசியைச் சத்தமாகப் படித்தார். "எட்டாம் தேதி பிற்பகல், கேபின் பூட்டப்பட்டிருந்ததால், பந்தைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன்." ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஒரு மனுஷன் பிழைப்பதற்கு உண்மையைச் சொன்னாலே போதும் என்று எத்தனை பேருக்கு வாய்க்கும்? போடுங்கண்ணே, போடுங்கண்ணே என்று என் மனசு அடித்துக்கொண்டது. சீன் மே கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்தாள்.

பேனா காகிதத்தைத் தொட்டது. அப்படியே நிமிர்ந்தார்.

"பந்து வந்தா மொதல்ல போற வண்டி எதுங்கய்யா?"

"யார்டுல நிக்குதே, அதுதான்."

"அதோட எண்?"

"எண்ணெல்லாம் கிடையாது."

"எதுவரைக்கும் போவுது?"

"அதை எழுத வேணாம் பெரியவரே. அந்த ஒரு வண்டிக்குப் புத்தகத்துல ஒண்ணும் எழுத வேணாம்."

அண்ணனுடைய கை ஆட ஆரம்பித்தது. மந்திரி வண்டியை நிறுத்திய அன்றைக்கு ஆடியதே, அதே ஆட்டம். பேனாவுக்கு மூடி போட முயன்றார், இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை மூடிவிட்டுச் சட்டைப் பையில் குத்தினார். கடுதாசியை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

"ஐயா, இதுல ஒரு தப்பு இருக்கு."

"எது?"

"தவறுதலான்னு போட்டிருக்கு. தவறுதலா இல்லீங்க. தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அதிகாரி கடுதாசியை வாங்கவில்லை. "என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரியுதுங்க."

"உங்களைக் காப்பாத்த வந்திருக்கேன் நான்."

"தெரியுதுங்கய்யா. ரொம்ப நன்றிங்க."

"பந்து எங்க?"

"ஆத்துல போட்டுட்டேன்."

ஒரே நாளில் இரண்டு பொய். அறுபது வருஷமாக ஒரு லீவு கடுதாசியில்கூடப் பொய் எழுதாத வாய். நான் அந்த மூலையில் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன். தொளதொளத்த காக்கிச் சட்டை, வெற்றிலைக் கறை படிந்த பல், ஆடுகிற கை. இந்த ஆளுக்கு அடுத்த வீட்டில் இருபது வருஷம் இருந்திருக்கிறேன், எனக்கு இவரைத் தெரியவே தெரியாது என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்த அழுகை இல்லை அது.

சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள், அரிசிப் பானையைக் கொட்டினார்கள், அடுப்புச் சாம்பலைக் கிளறினார்கள். ஒருவன் தென்கிழக்குத் தூண் பக்கம் போனான். தேங்காயைப் பார்த்தான். தூண் அடியைத் துப்பாக்கியால் தட்டிவிட்டு, மேலே கை வைக்காமல் திரும்பி வந்தான். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வாசலில் குடையை எடுக்கப் போனார், விடவில்லை.

பதினேழு நாள் வைத்திருந்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திரும்பி வந்தபோது இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. ஆற்றில் ஆள் இறக்கித் தேடிக்கூடப் பார்த்தார்களாம்.

சீன் மே அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அவர் குளித்து முடித்துச் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அன்னிக்கு என் மாத்திரைய நெனச்சீங்களா?"

"நெனச்சேன்."

"நெனச்சுமா அப்படிச் சொன்னீங்க?"

"ஆமா."

அவள் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அப்புறம் அவர் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீனை வைத்தாள்.

அடுத்த நாளே ஒலிபெருக்கி வந்தது. வேலைக்கு வராதவர்கள் மறுநாள் காலை பத்து மணிக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அரசாங்க வீடு, அரசாங்கத்துக்கு உழைக்கிறவனுக்குத்தான் என்று அதில் ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. நூற்றுப் பத்து வீடு. அதில் பாதிக்கு மேல் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேயே. இப்போதாவது ஐம்பது பேர் போய் மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன். நான்கு பேர் போனார்கள். மற்றவர்கள் கட்டிலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு வேலை நிறுத்தமும் கிடையாது, ஒன்றும் கிடையாது, கடைசி அறையில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். அண்ணன் தூணிலிருந்து தேங்காயை இறக்குவதைப் பார்த்தேன். போய் என் வடைச் சட்டியைக் கழுவிச் சாக்கில் கட்டினேன்.

காலையில் வரிசையாக நடந்தோம். தலையில் மூட்டை, கையில் கோழி, சைக்கிளில் தையல் மெஷின். வீடு மாறும்போது தெய்வத்தை வீட்டுக்காரர்தான் ஏந்திக்கொண்டு போக வேண்டும். அண்ணன் தேங்காயை இடது கையால் மார்போடு அணைத்திருந்தார். பாக்கி எல்லாப் பாரத்தையும் நானும் பக்கத்து வீட்டாரும் எடுத்துக்கொண்டோம். சீன் மே அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

லைன் வாசலில் சிப்பாய்கள் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பார்த்தார்கள். அரசாங்கச் சாமான் ஏதாவது போகிறதா என்று சோதனை. ஒரு சார்ஜென்ட், நாற்பது வயசிருக்கும், கையில் மூங்கில் கழி. என் சாக்கைக் குத்தினான், சட்டி டங்கென்றது. அடுத்தது அண்ணன்.

"அது என்ன?"

"வீட்டுத் தெய்வங்க."

சார்ஜென்ட் சிவப்புத் துணியைப் பார்த்தான். அண்ணன் விரலைப் பார்த்தான். இந்த நாட்டையே பிடித்த ராணுவம் தேடுகிற பந்து அவன் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. அவன் கழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, தலைக்கு மேலே தூக்கினான்.

"வழி விடுங்கடா. தெய்வத்தை வெயில்ல நிக்க வெக்காதீங்க" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் அண்ணனிடம் குரலைத் தாழ்த்தி, "போற எடத்துல தென்கிழக்குத் தூண் பாத்துக் கட்டுங்க பெரியவரே" என்றான்.

"கட்டறேங்க" என்று சொல்லிவிட்டு அண்ணன் நடந்தார்.

நாற்பத்தொரு நாள் மலைப் பாதையில் ஒரு வண்டி போகவில்லை. அப்புறம் வேறு மெஷினைக் கொண்டுவந்து வைத்து ஓட்டிவிட்டார்கள். எட்டுப் பெட்டி சிப்பாய்களும் அதற்கு முன்பே மரங்களை அகற்றி ரோடு வழியாகப் போய்விட்டார்கள். மலையூரில் சுடவும் சுட்டார்கள். அந்தப் பந்து யாரையும் காப்பாற்றியது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். அந்தச் சில நாளில் மலையூரிலிருந்து நிறையப் பேர் தப்பித்துப் போனார்கள் என்று நிலார் எப்போதோ ஒருமுறை தகவல் அனுப்பினாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் ஒரு புத்த மடத்தின் பின்பக்கம் தகரக் கொட்டகையில் இருக்கிறோம். எந்த மடம் என்று கேட்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியை விட்டு வந்த டாக்டர் பெண் ஒருத்தி ரகசியமாக வந்து சீன் மேயைப் பார்த்தாள். மூன்று மாத்திரையில் சில மாதம் இரண்டு கிடைக்கும், சில மாதம் ஒன்று. மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் சீன் மே போய்விட்டாள். அதற்கப்புறம் ஒருநாள் அண்ணனிடம் கேட்டேவிட்டேன், அந்தக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று எப்போதாவது தோன்றுமா என்று.

"தெனமும் தோணும்" என்றார். "அவ பாயைச் சுருட்டும்போது தோணும்."

அவரைத் தேடி இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். திட்டம் போட்டு, நேரம் பார்த்து, பாதையை நிறுத்தியவர் என்று அவரைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் மறுப்பதில்லை, ஆமென்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் தொண்டை வரைக்கும் வரும். மறந்துபோய் எடுத்து வந்தார், பயந்து நடுங்கினார், உண்மையைச் சொன்னால் எல்லாம் கிடைத்திருக்கும், அதை வைத்துக்கொண்டு வேண்டாம் என்றார் ஐயா என்று கத்த வேண்டும்போல இருக்கும். திட்டம் போட்டுச் செய்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். இவரைப்போல ஒருவரை நான் பார்த்ததில்லை.

போன வாரம் தேங்காய் மாற்றுகிற நாள். காம்பு காய்ந்துவிட்டால் புதுசு வைக்க வேண்டும். சந்தையிலிருந்து நான்தான் வாங்கி வந்தேன். அண்ணன் பழசை இறக்கிப் பந்தை வெளியே எடுத்தார். ஓரத்தில் லேசாகச் செம்மை படர்ந்திருந்தது. துணியில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, மடங்காத அந்த இரண்டு விரலால் உருட்டி உருட்டி அரைமணி நேரம் துடைத்தார்.

"எதுக்குண்ணே இத்தனை பாடு? அந்த மெஷினையே தூக்கிப் போட்டிருப்பாங்க."

"தூக்கிப் போட்டாலும் இது ரயில்வே சாமான் அஞ்சலை. துரு ஏறக் கூடாது. ஒருநாள் யாராவது வந்து கேப்பாங்க இல்ல?"

"கேட்டா குடுத்துடுவீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன பேச்சுப் பேசுகிறாய் என்பது போன்ற பார்வை.

"வண்டி எண் சொல்லட்டும். எதுவரைக்கும்னு சொல்லட்டும். எழுதிக்கிட்டுக் குடுக்கறேன்" என்றார்.